கேட்கக் கூசாத முன்ஷி அப்துல்லா

கடையில் புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன் கணக்கப்பிள்ளையிடம் போய், பற்று எது, வரவு எது என்று கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரித்து விடுகிறார்கள். இது கூடத் தெரியாதா என்று ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மறுநாள் முதல் அவன் வாயைத் திறப்பதில்லை. தெரிந்தவன் போலத் தலையாட்டப் பழகிக் கொள்கிறான். பிறகு ஒரு நாள், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதி விட்டான் என்று எல்லோரும் அவன் மேல் பாய்கிறார்கள். முதல் நாள் கேட்ட கேள்வி மூடத்தனமா, அதைக் கேட்டுச் சிரித்தது மூடத்தனமா என்று எவரும் யோசிப்பதில்லை.

மூடக் கேள்வி என்று உலகில் ஒன்று உண்டா? இந்த விசாரணைக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய இந்தச் சிங்கப்பூரில் வாழ்ந்தவரும், நாகூரோடு இரத்த சம்பந்தம் உடையவரும், நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படுகிறவருமான முன்ஷி அப்துல்லா அவர்களின் வாழ்க்கையே இதற்கு ஒரு பதிலாக அமைந்திருக்கிறது. கேள்வி கேட்டே பிழைத்தவர் அவர். கேள்வி கேட்டே பழியும் சுமந்தவர் அவர். ஆகவே அன்னாருடைய சரித்திரத்தை, அவர் கேட்ட கேள்விகளின் வழியாகவே இங்கு சுருக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

நாகூர் வழி வந்த குடும்பம்

அப்துல்லாவின் பூட்டனார் ஷெய்கு அப்துல் காதிர் என்பவர், எமன் நாட்டிலிருந்து வந்த அரபியர். நாகூரில் தங்கி, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து, தமிழ்ப் பெண்மணி ஒருவரை மணந்து கொண்டார். அவருக்குப் பிறந்த நான்கு ஆண் மக்களும் கடல் கடந்து கிழக்கே வந்தார்கள். அவர்களில் முகம்மது இப்ராகீம் என்பவர் மலாக்காவில் இறங்கி, ஷேகு மீரா லெப்பை என்பவருடைய மகள் பெரியாச்சியை மணந்தார். இந்தப் பெயர்களைக் கேட்ட மாத்திரத்திலேயே அவை எந்தக் கரையைச் சேர்ந்தவை என்பது நம்மவர்களுக்கு விளங்கி விடும். இத்தம்பதியரின் மகன் அப்துல் காதிர். அவருடைய மகன்தான் நம் அப்துல்லா. 1796-ம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவை ஆங்கிலேயர் கைப்பற்றி ஓராண்டு கூட நிரம்பாத காலம் அது.

அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் பால் மணம் மாறாத பருவத்திலேயே இறந்து போயின. ஐந்தாவதாக வந்த இந்தப் பிள்ளையும் நோஞ்சானாகவே இருந்தான். தாயாரின் கவலைக்கு அளவில்லை. பிற்காலத்தில் ஒரு தேசத்தின் எழுத்தையே மாற்றி அமைக்கப் போகிற பிள்ளை இது என்று அன்று யார் கண்டார்கள்?

பாட்டியார் பெரியாச்சி மலாக்காவில் பெரிய ஓதும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். ஆணும் பெண்ணுமாகச் சுமார் 200 பிள்ளைகள் அங்கு ஓதினார்கள். அப்துல்லாவும் அங்கேயே முதல் எழுத்தைக் கற்றார். தகப்பனார் அப்துல் காதிர் கண்டிப்பான மனிதர். வியாபாரமும் தெரியும், கடலோட்டமும் தெரியும், மனு எழுதவும் தெரியும். மலாய் மொழி ஆராய்ச்சியில் பேர் பெற்ற மார்ஸ்டன் துரைக்கு மலாய் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மகன் எழுதியதில் பிழை கண்டால் பிரம்பு பேசும். பாராட்டு மட்டும் வாயிலிருந்து வராது.

ஒரு முறை தகப்பனார் வெளியே போயிருந்த சமயம், கப்பல் நாகுதா ஒருவர் சீன வியாபாரியோடு வீடு தேடி வந்தார். கடன் பத்திரம் ஒன்று எழுத வேண்டியிருந்தது. சிறு பையனாக இருந்த அப்துல்லா துணிந்து தாமே அதை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் நேரத்தில் தகப்பனார் வந்து சேர்ந்தார். அடி விழும் என்று மகன் நடுங்க, தந்தையோ உள்ளூர மகிழ்ந்து போனார். அதுவரை காட்டிய கடுமையெல்லாம் எதற்காக என்பது அன்றுதான் பிள்ளைக்கு விளங்கியது.

தமிழ் கற்றதும் மலாய் கேட்டதும்

வர்த்தகர்களாகிய நாம் குறித்துக் கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இங்கே உண்டு. அக்காலத்து மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கு வழக்குக்கும், பேச்சு வார்த்தைக்கும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்று அப்துல்லா தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வாறே அவரும் இரண்டரை ஆண்டுகள் தமிழ் கற்றார். பிறகு மலாக்காக் கோட்டையிலிருந்த இந்திய சிப்பாய்களுக்கு ஓதிக் கொடுத்துக் கொண்டே, அவர்களிடமிருந்து ஹிந்துஸ்தானி மொழியைப் பேசிப் பழகினார். அவர்கள்தாம் அவரை முன்ஷி, அதாவது மொழி ஆசான், என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் கடைசி வரை நிலைத்து விட்டது.

தமிழ், அரபு, ஹிந்துஸ்தானி ஆகியவற்றைக் கற்றபோது அவரை யாரும் கேலி செய்யவில்லை. மலாய் மொழியைக் கற்கப் போனபோதுதான் சிரித்தார்கள். மலாக்காவில் பிறந்தவன், நாள் முழுதும் மலாய் பேசுகிறவன், அந்த மொழியை இன்னொருவரிடம் போய்க் கேட்டுப் படிப்பதா என்பது அவர்களுடைய நகைப்புக்குக் காரணம். ஊரில் வாழ்ந்த மூத்த அறிஞர்களிடம் போய் உட்கார்ந்து, இந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, இதை எந்த இடத்தில் வைக்க வேண்டும், பழைய ஏடுகளில் இது எப்படி வருகிறது என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். தண்ணீரில் இருக்கும் மீன் தண்ணீரைப் பற்றி விசாரிப்பது போல அது மற்றவர்களுக்குப் பட்டது.

ஆனால் அவர் கண்ட உண்மை வேறு. உலகில் முன்னேறிய ஒவ்வொரு சமூகமும் தன் மொழியை ஒழுங்காகக் கற்கிறது; பேசத் தெரிந்தால் போதும் என்று இருப்பவர்கள் பின்தங்கி விடுகிறார்கள் என்பதே அவருடைய முடிவு. நாம் நன்கு அறிவோம் என்று எண்ணிக் கொண்டிருக்கிற விஷயத்தில்தான் நம் அறியாமை பதுங்கியிருக்கிறது. அதை வெளியே இழுத்து வரக்கூடிய கேள்வி எப்போதும் அசட்டுக் கேள்வி போலவே தோற்றமளிக்கும். சிரித்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. கேட்டவருடைய மலாயைத்தான் பின் வந்தவர்கள் பாடமாகப் படித்தார்கள்.

இலையும் புழுவும் வாங்கிய துரை

1810-ம் ஆண்டின் இறுதியில், ஜாவா மீது படையெடுக்கும் ஆயத்தங்களுக்காக ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். அவருடைய எழுத்தர்களில் மிகவும் இளையவராக அப்துல்லா வேலைக்கு அமர்ந்தார். அப்போது வயது 14 அல்லது 15 இருக்கும். மலாய் அரசர்களுக்குச் செல்லும் கடிதங்களையும், பழைய ஏடுகளையும் பிரதி எடுப்பது அவர் வேலை.

அந்தத் துரை செய்த காரியம் மலாக்கா மக்களுக்கு விசித்திரமாக இருந்தது. காட்டு இலை, பூ, காளான் இவற்றைக் கொண்டு வர ஓர் ஆள். புழு, பூச்சி, வெட்டுக்கிளி பிடித்து வர ஓர் ஆள். சிப்பி, சங்கு பொறுக்க ஓர் ஆள். பறவை, மிருகங்களுக்கு ஓர் ஆள் என்று சம்பளம் கொடுத்து வைத்தார். இது என்ன, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர், எங்கே முளைக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக் கொண்டார். கம்பெனியின் பெரிய அதிகாரி, ஊர்ச் சிறுவர்களுக்குத் தெரிந்த செடியின் பெயரைக் கேட்கிறாரே என்று மற்றவர்கள் வியந்த இடத்தில், அப்துல்லா பக்கத்தில் நின்று கவனித்தார். உயர்ந்த பதவியில் இருப்பவன் தெரியாது என்று சொல்லக் கூசவில்லை. அதனால் அவன் மதிப்புக் குறையவுமில்லை என்பதை அந்த வயதிலேயே கண்ணால் கண்டு கொண்டார்.

ராபிள்ஸ் அவரைத் தம்மோடு ஜாவாவுக்கு அழைத்தார். தாயார் சம்மதிக்கவில்லை. நான்கு பிள்ளைகளைப் பறி கொடுத்த தாய் எப்படிச் சம்மதிப்பார்?

இதில் நாம் மறந்து விடக் கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. ராபிள்ஸ் கேட்டது அறிவின் தாகத்தினால் மட்டுமன்று. ஒரு நாட்டைப் பிடிக்க வருகிறவன் அந்த நாட்டைப் பற்றி எல்லாவற்றையும் அறிந்து கொள்கிறான். கேட்கத் தெரிந்தவன் கையில் ஆட்சியும் சேர்ந்தது. கேளாமல் இருந்தவர்கள் ஆளப்பட்டார்கள். கேள்வியின் பலத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

கேட்டும் கேளாதவர்

1815-ம் ஆண்டு முதல் மில்ன், தாம்சன் முதலிய பாதிரிமார்கள் மலாக்காவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மலாய் கற்பிக்க அப்துல்லா அமர்ந்தார். ஊரார் தூற்றினார்கள். தகப்பனாரும் கலங்கினார். கிறிஸ்தவனாகி விடுவான் என்று பயந்தார்கள். பாதிரி அப்துல்லா என்றே பட்டம் கட்டி விட்டார்கள். அவர்கள் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. முஸ்லிமாகப் பிறந்தவர் முஸ்லிமாகவே வாழ்ந்து, ஹஜ்ஜுப் பிரயாணத்திலேயே கண்ணை மூடினார். அவர்களிடமிருந்து அவர் பெற்றது ஆங்கில எழுத்தும், அச்சுக் கோக்கும் தொழிலும்தான்.

அந்நிய மாணவனுக்குப் பாடம் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். மொழியைப் பேசிப் பிறந்தவன் ஒருநாளும் கேட்காத கேள்வியை அவன் கேட்பான். இந்த இடத்தில் ஏன் இப்படி, அந்த இடத்தில் ஏன் அப்படி என்பான். முதலில் எரிச்சலாக இருக்கும். பதில் சொல்ல முயலும்போதுதான், நமக்கே அது தெரியாது என்பது விளங்கும். முன்ஷியின் மொழியறிவு ஆழப்பட்டதற்கு, மாணவர்களின் இத்தகைய ஆரம்பக் கேள்விகளும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்நியனுக்கு விளக்கிச் சொல்லக் கற்றுக் கொண்டவர், தம்முடைய எழுத்திலும் அலங்காரத்தைக் குறைத்து விஷயத்தைச் சொல்லக் கற்றுக் கொண்டார்.

ஆயினும் எல்லா மாணவர்களும் ஒன்று போல் இல்லை. தாம்சன் பாதிரியார் கேள்வி கேட்பார். பதிலை ஏற்க மாட்டார். அவருடைய மலாய் மொழிபெயர்ப்பைப் பார்த்த முன்ஷி, சொற்கள் மலாயாக இருந்தாலும் வாக்கியத்தின் நடை ஆங்கில நடையாக இருக்கிறது, மலாய்க்காரர் எவரும் இப்படிப் பேச மாட்டார் என்று எடுத்துச் சொன்னார். பாதிரியார் தம் பிடியை விடவில்லை. அவர் பெயரோடு அந்த நூல் வெளிவந்தால் ஆசிரியர் தாமே என்று பழி தம் மேல் விழுமே என்று முன்ஷி வருந்தினார். பிற்காலத்தில் சிங்கப்பூரில், கீஸ்பெரி என்ற பாதிரியார் முன்ஷியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு அந்த மொழிபெயர்ப்பு வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

நம்முடைய விசாரணைக்கு இந்த இடமே முக்கியமானது. கேள்வியின் உருவத்தைப் பார்த்து அது மூடக் கேள்வியா, அறிவுள்ள கேள்வியா என்று தீர்மானிக்க முடியாது. செடியின் பெயரைக் கேட்ட துரையின் கேள்வி சிறு பிள்ளைக் கேள்வி போல இருந்தது. ஆனால் பதிலை எழுதி வைத்துக் கொண்டார். தாம்சன் கேட்டவை படித்தவன் கேட்கிற கேள்விகள். ஆனால் பதில் வரும்போது காதை மூடிக் கொண்டார். இருவரில் யாருடைய கேள்வி வீண் கேள்வி? கேள்வியின் தரம் அதைக் கேட்ட வாயில் இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கும் காதில்தான் இருக்கிறது.

பதில் கிடைக்காத பாறை

1819-ல் சிங்கப்பூரில் கம்பெனிக் கொடி ஏறியது. அப்துல்லா மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போவதும் வருவதுமாக இருந்து, 1822 - 1823 காலத்தில் ராபிள்ஸுக்கு மறுபடியும் எழுத்தராக உதவினார். ஆங்கில வர்த்தகர்கள் பலரும் அவரிடம் மலாய் கற்றார்கள். புதிய ஊர் ஒன்று காட்டிலிருந்து எழும்புவதை அவர் கண்ணாரக் கண்டு எழுதினார். தங்ளின் பக்கத்துக் காட்டில் சீன இரகசியச் சங்கத்தார் கூடுவதாகக் கேள்விப்பட்டு, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும், மறைவாகப் போய் அவர்கள் சடங்கைப் பார்த்து வந்தார். நேரில் காணாமல் எதையும் எழுதுவதில்லை என்பது அவர் குணம்.

அந்நாளில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய பாறை ஒன்று நின்றது. ஏறத்தாழ 10 அடி உயரம். அதில் வரி வரியாக எழுத்து. காடு வெட்டியபோது கண்டெடுத்தது. ஊர் முழுதும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. இந்துக்கள் அது தங்கள் எழுத்து என்றார்கள். சீனர்கள் தங்கள் எழுத்து என்றார்கள். முன்ஷியும் போய்ப் பார்த்தார். அரபு எழுத்தின் சாயல் இருப்பதாகத் தோன்றியது. ஆனால் காலத்தால் தேய்ந்து போனதனால் வாசிக்க முடியவில்லை என்பதை ஒப்புக் கொண்டார். ஆளாளுக்குத் தமக்குத் தெரிந்ததையே அந்தப் பாறையில் கண்டபோது, படிக்கத் தெரியவில்லை என்று எழுதி வைக்கவும் ஒரு துணிவு வேண்டியிருந்தது.

1843-ம் ஆண்டு, ஆற்று முகத்தில் கோட்டையையும் அதிகாரியின் இருப்பிடத்தையும் விஸ்தரிப்பதற்காக அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்து விட்டார்கள். முன்ஷியின் மனம் கொதித்தது. வெள்ளையர்களை வெகுவாகப் புகழ்ந்து எழுதியவர் அவர். அவரே இந்தக் காரியத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பொருள் தெரியாத ஒன்றை அழிக்கக் கூடாது. இன்று தெரியாததை நாளை வரும் அறிஞர் ஒருவர் தெரிந்து சொல்லக் கூடும் என்பது அவர் வாதம். பாறையின் சில துண்டுகள் மட்டும் தப்பின. ஒரு துண்டு சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்த எழுத்து எந்த மொழி, எந்த நூற்றாண்டு என்பதில் இன்று வரை அறிஞர்களிடையே முடிவு ஏற்படவில்லை. கேள்வி இன்னும் நிற்கிறது. பதில் சொல்ல வேண்டிய கல்தான் தூளாகி விட்டது.

பகாங்கில் கேட்ட கேள்வி

1838-ல் கிளந்தானில் அரசுரிமைச் சண்டை மூண்டது. சிங்கப்பூர் வர்த்தகர்களின் சரக்குகள் அங்கே மாட்டிக் கொண்டன. சிங்கப்பூரிலிருந்து கடிதம் கொண்டு போன தூதுக் கூட்டத்தில் முன்ஷியும் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். வழியில் பகாங், திரங்கானு முதலிய நாடுகளில் இறங்கினார்.

பகாங்கில் பொன் கிடைக்கிறது. மண் வளமாக இருக்கிறது. ஆனால் ஜனங்கள் வறுமையில் கிடக்கிறார்கள். வழிப்போக்கர் யாராயினும், சோம்பேறிகள் என்று ஒரு வார்த்தையில் சொல்லி விட்டு நடந்திருப்பார்கள். முன்ஷி அங்குள்ளவர்களிடமே போய், இத்தனை வளம் இருந்தும் நீங்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்பவனையே அசடனாகக் காட்டக் கூடிய கேள்விதான். ஆனால் கிடைத்த பதிலைப் பாருங்கள்: நாங்கள் பாடுபட்டுச் சேர்த்தால் அரசரும் பிரபுக்களும் எடுத்துக் கொள்கிறார்கள், நல்ல வீடு கட்டினாலும், நல்ல தோட்டம் போட்டாலும் தொல்லைதான், ஏழையாக இருந்தால் நிம்மதி என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

வியாபாரம் தழைக்க வேண்டுமானால் சரக்கும் சந்தையும் மட்டும் போதாது. உழைத்தவன் சொத்து அவனிடமே இருக்கும் என்ற உறுதியும் வேண்டும் என்னும் பாடம், இந்த ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து கிடைத்து விட்டது. அதை அவர் தம் கிளந்தான் பிரயாண நூலில் ஒளிவு மறைவின்றி எழுதினார். அரசர்களைப் புகழ்வதே எழுத்து என்றிருந்த காலத்தில் இது சாமானியமான துணிவன்று.

நம்புவதற்கு முன் பார்த்தவர்

அந்நாளில் பாயும் காற்றும் இல்லாமல் நெருப்பினால் ஓடும் கப்பல் உண்டு என்ற செய்தியைப் பலர் நம்பவில்லை. வெள்ளைக்காரன் சொல்வதையெல்லாம் நம்புகிறவன் என்று முன்ஷியைத்தான் பழித்தார்கள். 1841-ல் செசோஸ்திரிஸ் என்ற நீராவிக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. முன்ஷி அதில் ஏறி, சக்கரம் எது, கொதிகலம் எது, ஆவி எவ்வாறு தள்ளுகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, அதைப் பற்றித் தனியே ஒரு சிறு நூலே எழுதி விட்டார். ஒளியினால் தகட்டில் உருவம் பதிக்கும் புதுமையையும், அதாவது புகைப்படத்தையும், இந்த வட்டாரத்தில் முதன் முதலாகக் கண்டு எழுதியவர்களில் அவர் ஒருவர்.

தமிழுக்கும் அவர் செய்த உபகாரம் ஒன்று உண்டு. பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார். 1835-ல் அந்த வேலை நடந்தது. தமிழ் கற்றவராயிருந்தும், தனக்கே தெரியும் என்று உட்கார்ந்து விடவில்லை. தமிழ் நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக் கொண்டே செய்து முடித்தார்.

1840-ல் மனைவியார் காலமானார். அதன் பிறகு குடும்பத்தோடு சிங்கப்பூருக்கே குடி வந்து விட்டார். அமெரிக்கப் பாதிரியார் நார்த் என்பவர் தூண்டியதன் பேரில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கி 1843-ல் முடித்தார். ஹிக்காயத் அப்துல்லா என்ற அந்த நூல் 1849-ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியாயிற்று. ராஜாக்களும் தேவதைகளும் உலவிய மலாய் எழுத்தில், கடன் பத்திரமும், பள்ளிக்கூடப் பிரம்பும், ஆற்றங்கரைப் பாறையும் இடம் பெற்றது அதில்தான்.

அவர் கேளாமல் விட்டது

பெரியார் ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லும்போது குறையை மறைப்பது நியாயமன்று. மலாய் அரசர்களை நோக்கி அத்தனை கடினமான கேள்விகளைக் கேட்ட முன்ஷி, கம்பெனியாரை நோக்கி அத்தகைய கேள்விகளை அதிகம் கேட்கவில்லை. கடல் கடந்து வந்து இந்த நாடுகளை ஆள உங்களுக்கு உரிமை ஏது என்று அவர் கேட்டதாக அவர் நூலில் காணோம். பாறையை உடைத்ததற்காகக் கோபித்தார். பாதிரியாரின் பிடிவாதத்தை இடித்துரைத்தார். அதற்கு மேல் போகவில்லை. பிற்காலத்து மலாய் அறிஞர்கள் சிலர் இதற்காக அவரைக் கண்டித்தும் இருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பவனிடம் கேள்வி கேட்பது எவருக்கும் எளிதன்று. அவர் காலத்தையும் நிலைமையையும் எண்ணிப் பார்த்தால் அனுதாபம் பிறக்கிறது. எனினும் கேளாமல் விட்ட கேள்வியும் கணக்கில் ஏறத்தான் செய்கிறது.

1854-ம் ஆண்டு ஹஜ்ஜை நாடிச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். வழி நெடுகப் பார்த்ததையும் கேட்டதையும் வழக்கம் போல எழுதிக் கொண்டே போனார். அந்தப் பிரயாண நூல் அந்தப் பயணத்தோடேயே நின்று விடுகிறது. அவ்வாண்டிலேயே அரபு மண்ணில் அவர் ஆவி பிரிந்தது. கடைசி வரை கை எழுதிக் கொண்டே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அவர் மகன் முகம்மது இப்ராகீம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்துத் தந்தையின் பெயரை நிலைநாட்டினார்.

சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலைப் பக்கத்து ஆசிரியர் குடியிருப்பில், இக்பால், தாகூர், உமர் கய்யாம் ஆகியோர் பெயர் கொண்ட தெருக்களோடு முன்ஷி அப்துல்லா பெயரிலும் ஒரு வீதி உண்டு. 2019-ல், ராபிள்ஸ் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட சிலைகளில் முன்ஷியின் சிலையும் ஒன்று. எழுத்துப் பாறை நின்ற ஆற்று முகத்துக்கு அது வெகு தூரமன்று.

நாம் கொள்ள வேண்டியது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மொழி. முன்ஷியின் வாழ்க்கை அதற்கு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. வாய் மட்டும் போதாது, காதும் வேண்டும். பதிலைக் கேட்கும் எண்ணமில்லாமல் கேட்பதும், ஒருவனை மட்டம் தட்டுவதற்காகக் கேட்பதும், கேட்டதை மறுநாளே மறந்து விட்டு மறுபடியும் கேட்பதும் வீண் கேள்விகள். வேறு எந்தக் கேள்வியையும் மூடக் கேள்வி என்று தள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும், அரபுத் தெருவிலும், தெலுக் ஆயரில் நாகூர் தர்கா நிற்கும் பக்கத்திலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வந்திருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கி, இதன் விலை என்ன, அதன் பெயர் என்ன என்று கேட்டே தொழில் கற்றவர்கள் நம் பாட்டன்மார். அவர்களை அன்று யாராவது பார்த்துச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அவர்கள் அஞ்சியிருந்தால் நமக்குக் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை.

ஆகவே முதலாளிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைப் பையன் கேட்கும்போது சிரிக்காதீர்கள். அவன் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், இருவருமாகத் தேடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன், கணினியும் கைப்பேசியும் கொண்டு வந்து எதையாவது விளக்கினால், வயதைப் பார்க்காமல் அவனிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்தது போலத் தலையாட்டுவதை விட்டு விடுங்கள். கேளுங்கள், பதில் வரும்போது காது கொடுங்கள், மறவாமல் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். நாகூர் வழி வந்த அந்த மலாக்காப் பையன் செய்ததெல்லாம் இவ்வளவுதான்.